ஒரு சாண் ஆகாயம்

அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆகாய வழியில் எவ்வளவு தூரம் என்பதை வட்டார விமான வாரியத்தின் தலைவர் தம் கையாலேயே அளந்து சொன்னார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. தொடக்க விழாவன்று எழுந்து திரும்பி, ஓர் ஊரின் மேல் கட்டைவிரலையும் மற்ற ஊரின் மேல் சுண்டுவிரலையும் வைத்தார். கச்சிதமாக ஒரு சாண். ஒரு சாண் தூரத்துக்கு நாற்பது நிமிடம் போதும், அதுவே அதிகம் என்றார். கூட்டம் கைதட்டியது. அன்றிலிருந்து அது சட்டம்.

அளவைப் பிரிவுப் பொறியாளர் ஒருவர் மட்டும் மறுநாள் தலைவரின் அறைக்குப் போய், தூரம் அதைவிட அதிகம், விமானமும் பழசு என்று சொல்லிப் பார்த்தார். எவ்வளவு அதிகம் என்று கேட்டதற்கு இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாராம். கொஞ்ச நாள் அவரைக் காணவில்லை. பிறகு இரண்டு கைகளிலும் மாவுக்கட்டோடு வேலைக்கு வந்தார். அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்கள். இந்த முறை அவரால் அவ்வளவு விரிக்க முடியவில்லை. தூரம் குறைந்துவிட்டதாக முடிவு செய்து விஷயத்தை அத்தோடு விட்டார்கள்.

இதெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது லென்ஸ், பிரேம், அப்புறம் அக்கா. அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். ஆகாய வழியில் எதிர்முனையில் இருந்த மற்ற ஊரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பேசியதில் பிழை கண்டுபிடித்தாள் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். அவள் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், ஒருநாள் மாலை அறுவை சிகிச்சைக்கு நேரம் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் போனில் பேசும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா" என்றாள். "அப்புறம் முழிச்சா பாத்துக்கலாம்."

இரவு பஸ்ஸில் போய்விடுங்கள் என்றாள் மனைவி. ஆடி ஆடிப் போனாலும் விடியும்போது கொண்டுபோய் விட்டுவிடும். நாற்பது நிமிடத்தில் போகிற இடத்துக்கு ராத்திரி முழுவதும் யாராவது இடுப்பை ஒடித்துக்கொள்வார்களா என்று கேட்டார் கண்ணாடிக்காரர். டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்களே என்று எடுத்துக் காட்டினார். பயண நேரம் நாற்பது நிமிடம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, மறுத்துப் பேசுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சிறிய எழுத்தில் இருந்தது. சிறிய எழுத்தைப் படிக்கத்தான் ஊருக்கே அவர் கண்ணாடி விற்றார். ஆனாலும் அன்று படிக்கவில்லை.

மறுநாள் காலை விமான நிலைய வாசலில் அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். சோதனைக்காக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்தார். நேரக் காவல் படையைச் சேர்ந்த நீலச் சட்டைக்காரர் அதை வாங்கி ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, கொட்டாப்புளியால் ஒரே அடி. ஸ்பிரிங் துள்ளிப்போய் எங்கோ விழுந்தது. அடுத்து செல்போன். அதற்கு இரண்டு அடி தேவைப்பட்டது. பின்னால் நின்றவர்கள் பழக்கப்பட்டவர்கள் போலிருக்கிறது, வரிசையில் வரும்போதே கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். கத்தி, கத்தரிக்கோல், ஊசி இதையெல்லாம் அந்த நீலச் சட்டைக்காரர் கண்டுகொள்ளவே இல்லை. நேரம் காட்டும் சாமான்தான் அங்கே ஆபத்து.

நேரம் தெரிய வேண்டாமா என்று கண்ணாடிக்காரர் பணிவாகத்தான் கேட்டார்.

"அதுக்குத்தாங்க நாங்க இருக்கோம்" என்றார் நீலச் சட்டைக்காரர்.

உள்ளே பெரிய கூடம். ஒரு பக்கச் சுவரில் தேர்ச்சக்கரம் அளவுக்கு ஒரு கடிகாரம். அதற்குக் கீழே உயரமான முக்காலி போட்டு ஒருவர் நின்றுகொண்டு, பெரிய முள்ளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முள் காவலர் என்று சட்டையில் எழுதியிருந்தது. விமானம் புறப்படும் வரை முள் நகரக் கூடாது. அதுதான் அவர் வேலை. கடிகாரமோ நல்ல கடிகாரம், உள்ளே இருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. அவருடைய கைகள் நடுங்கின. வியர்வை முழங்கையில் இருந்து சொட்டியது. கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் கையை விட்டு வழுக்கி ஒரு கோடு தாண்டிவிட்டது. மேற்பார்வையாளர் ஓடிவந்து முக்காலியை உதைத்தார். காவலர் குப்புற விழுந்தார். தோளெலும்பு உடைந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. இரண்டு பேர் அவரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இன்னொருவர் வந்து முக்காலியை நிமிர்த்தி, தரையில் இருந்த ரத்தத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஏறி, முள்ளைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பயணிகளில் யாரும் தலையைத் திருப்பவில்லை.

கண்ணாடிக்காரருக்கு அப்போதே எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. வாசலைப் பார்த்தார். அது உள்ளே வருவதற்கு மட்டும்தான் என்று எழுதியிருந்தது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெரிய உருவம். மடியில் ஒரு தோல் பை. கால்நடை டாக்டர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். விமானம் போகிற ஊரில் ஒரு பண்ணையில் பசு ஒன்று கன்று போட முடியாமல் விடிந்ததில் இருந்து தவிக்கிறது, கன்று குறுக்கே திரும்பிவிட்டது, அங்கே இதற்குக் கைதேர்ந்தவர் யாரும் இல்லை என்று போன் பண்ணியிருந்தார்கள். நாற்பது நிமிடம்தானே என்று இவரும் கிளம்பிவிட்டார். கண்ணாடிக்காரர் அக்காவைப் பற்றிச் சொன்னார். டாக்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முதலில் அவருக்குக் கொடுத்தார்.

முன்வரிசையில் கோட்டுப் போட்ட ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் இருந்தார். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து, விமானம் எப்போது கிளம்பும் என்று கேட்டுவிட்டார். சத்தமாகக்கூட இல்லை. விசாரிக்கிற தொனிதான். நீலச் சட்டைக்காரர்கள் நான்கு பேர் நான்கு பக்கமும் இருந்து வந்தார்கள். ரப்பர் தடி முழங்காலில் இறங்கியது. ஏஜெண்ட் மடங்கி விழுந்தபோது, சுற்றி இருந்தவர்கள் அவரைத்தான் திட்டினார்கள். தெரியாத்தனமாக இப்படிக் கேட்கலாமா, உங்களால் எல்லாருக்கும்தானே கெட்ட பெயர் என்று ஒரு பெண்மணி கோபப்பட்டாள். தடி விழுந்துகொண்டே இருந்தது. மற்ற முழங்காலுக்கும் விழுந்தது.

கண்ணாடிக்காரருக்கு என்ன தோன்றியதோ, போய்க் குனிந்து அந்த மனிதரைத் தூக்கப் பார்த்தார். அவ்வளவுதான். முகத்தில் ஏதோ வெடித்தது போல் இருந்தது. அவர் போட்டிருந்த கண்ணாடி இரண்டாகப் போயிற்று. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அடித்தவர், குறுக்கே வந்தால் படத்தான் செய்யும் என்று ஆறுதலாகச் சொன்னார்.

கால்நடை டாக்டர் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். தோல் பையைத் திறந்து வளைந்த ஊசி ஒன்றை எடுத்தார்.

"மாட்டுக்குப் போடற ஊசிதான், கொஞ்சம் தடியா இருக்கும்" என்றார். "கத்தாதீங்க. கத்தினா அதுக்கும் வந்து அடிப்பாங்க."

நான்கு தையல் போட்டார். கண்ணாடிக்காரர் தம் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் டாக்டர் அவர் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். மாட்டைத் தட்டுகிற பழக்கம் போல. பிறகு ஏஜெண்டின் முழங்கால்களுக்குக் கட்டுப் போடப் போனார். அந்த ஆளை அதற்குள் அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

பொழுது உச்சிக்கு வந்தது. கூடத்தின் கண்ணாடிச் சுவர் வழியே விழுந்த வெயில் கால்மாட்டில் இருந்து விலகி எதிர்ப்பக்கம் போயிற்று. வெயிலை மட்டும் யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை. அதைக் கவனித்த மேற்பார்வையாளர் திரைகளை இழுத்து மூடச் சொன்னார்.

அப்போது புறப்பாட்டு மேலாளர் வந்து மேடையேறினார். இஸ்திரி கலையாத சட்டை, சிரித்த முகம். பயணிகள் எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. நின்றார்கள்.

"ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன்" என்று தொடங்கினார் மேலாளர். "நம்ம விமானம் ஒருநாளும் லேட்டானதில்ல. நீங்கதான் சீக்கிரம் வந்துடறீங்க. வந்து உக்காந்துக்கிட்டுப் பொழுது போகலன்னா அதுக்கு விமானம் என்ன பண்ணும்? போன வருஷம் இந்தக் கூடத்துல அடிபட்டவங்க நிறையப் பேரு. நான் மறைக்க விரும்பல. இந்த வருஷம் அதுல பாதிதான். எப்படி சாதிச்சோம்? முன்னெல்லாம் தலையில அடிச்சோம். இப்ப முழங்கால்ல அடிக்கிறோம். முழங்கால் போனவர் எழுந்து நடந்துவந்து புகார் குடுக்கறதில்ல. புகார் வராத அடி கணக்குல சேராது. இதுக்குப் பேருதாங்க நிர்வாகம்."

எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணாடிக்காரரும் தட்டினார். தட்டாமல் இருந்த ஒருவரை நீலச் சட்டைக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். அவருடைய மணிக்கட்டு அன்று காலையில்தான் உடைந்திருந்தது. காரணம் நியாயமானதாக இருந்ததால் ஒரே ஓர் அறையோடு விட்டுவிட்டார்கள்.

மேலாளர் இன்னொன்றும் சொன்னார். விமானத்தில் உள்ள இருக்கைகளைவிட டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக விற்றுப்போய்விட்டது. கனம் குறைந்தால்தான் வேகம் வரும், வேகம் வந்தால்தான் நாற்பது நிமிடம் நிற்கும். எனவே சிலர் இங்கேயே இருந்துவிட வேண்டியிருக்கும். யார் ஏறுவது, யார் நிற்பது என்பதில் வாரியம் தலையிடாது. அது பயணிகளின் உரிமை. சொல்லிவிட்டு அவர் கையசைக்க, ஓடுபாதைப் பக்கக் கதவுகள் திறந்தன.

அதன் பிறகு நடந்ததைக் கண்ணாடிக்காரரால் ஒழுங்காக ஞாபகப்படுத்திச் சொல்ல முடியவில்லை. கண்ணாடி இல்லாததால் எல்லாமே கலங்கித் தெரிந்தது. எல்லாரும் ஓடினார்கள். ஒருவர் குடையின் கைப்பிடியால் முன்னால் போனவரின் கழுத்தைக் கொக்கி போட்டு இழுத்தார். சற்று முன்பு கெட்ட பெயரைப் பற்றிக் கவலைப்பட்ட பெண்மணி ஒருவருடைய காதைக் கடித்துவிட்டு ஏணியில் ஏறினாள். ஏணியில் இருந்து இரண்டு பேர் கட்டிப்பிடித்தபடியே கீழே உருண்டார்கள். கீழே சிமெண்ட் தரை. எழுந்தது ஒருவர்தான். கண்ணாடிக்காரர் தம் முழங்கை யாருடைய மூக்கிலோ பதிந்ததை உணர்ந்தார். ஏதோ நொறுங்கியது. மன்னிப்புக் கேட்கத் திரும்பினார். அதற்குள் கூட்டம் அவரை விமானத்துக்குள் தள்ளிவிட்டிருந்தது. கால்நடை டாக்டர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். அவர் உடம்புக்கு யாரும் அவரை நெருங்கவில்லை. பக்கத்து இருக்கையைப் பையை வைத்துப் பிடித்திருந்தார்.

"உக்காருங்க. தையல் பிரிஞ்சிருக்கான்னு பாக்கறேன்" என்றார்.

விமானம் அடித்து எழுப்பியது போல் முனகிக்கொண்டு மேலே போயிற்று. வெகுநேரம் பறந்த பிறகு விமானி ஒலிபெருக்கியில், நாற்பதாவது நிமிடத்தில் இருக்கிறோம் என்று அறிவித்தார். கீழே காடாக இருந்தது. அப்புறம் ஓர் ஆறு வந்தது. அதை முழுக்கக் கடந்த பிறகு, இன்னும் அதே நாற்பதாவது நிமிடத்தில்தான் இருக்கிறோம், பயணிகள் பொறுமை காக்க வேண்டும் என்று மறுபடியும் அறிவித்தார். துணை விமானி ஏதோ ஆட்சேபித்தார் போலிருக்கிறது. முன்னறையில் இருந்து மல்லுக்கட்டும் சத்தம் வந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு துணை விமானி வெளியே வந்து, மூக்கில் ஒழுகிய ரத்தத்தைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, காலியாக இருந்த பணிப்பெண்ணின் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

இறங்கியபோது வெளியே விளக்குப் போட்டிருந்தார்கள்.

வருகைக் கூடம் முந்தின கூடத்தைப் போல இல்லை. தரையில் கம்பளம், ஜாடியில் பூ, தடிக்காரர்கள் யாரும் இல்லை. கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. வெளியே போகும் வாசலில் ஒரு மைக் நின்றது. பக்கத்தில் வருகை அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், நல்ல பாங்கான பேச்சு. ஒவ்வொருவரும் மைக்கில் "பயணம் நாற்பது நிமிடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போகலாம். சொன்னார்கள். காது கடித்த பெண்மணி சொன்னாள். மணிக்கட்டு உடைந்தவர் சொன்னார். துணை விமானியும் வரிசையில் நின்று மூக்கடைத்த குரலில் சொன்னார்.

கால்நடை டாக்டரின் முறை வந்தது. அவர் மைக்கைப் பார்த்தார், வெளியே எரிந்த விளக்குகளைப் பார்த்தார்.

"பொய் சொல்லத் தெரியாதவன் இல்லம்மா நான்" என்றார் கடைசியில். "மாட்டுக்காரங்ககிட்ட, பொழச்சிக்கும் பொழச்சிக்கும்னு தெனமும் சொல்றவன்தான். ஆனா அந்தப் பசு இந்நேரம் செத்திருக்கும். கன்னும் உள்ளயே செத்திருக்கும். நான் போய், நாப்பது நிமிஷத்துல வந்துட்டேன், உங்க பசுதான் அவசரப்பட்டுடுச்சுன்னு சொல்லணுமா? வாய் வரல. விட்டுடுங்க."

வருகை அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து முழுவதும் கேட்டாள். பிறகு, இன்னும் வெளியே போகாதவர்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்க ஊழியர்கள் பயணிகளை அடிக்கிறதா போன மாசம் ஒரு புகார் வந்தது" என்றாள். "தலைவர் ரொம்ப மனசு கஷ்டப்பட்டார். ராத்திரி சாப்பிடலயாம். இனிமே இந்த நிலையத்துல எந்த ஊழியரும் எந்தப் பயணி மேலயும் கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டார். அதனால இனிமே நீங்களே பாத்துக்கணும். பொதுமக்கள் பங்களிப்புன்னு பேரு வச்சிருக்கோம். ஆளுக்கு ஒரு அடி. அடிச்சவங்க போய்க்கிட்டே இருக்கலாம். அடிக்காதவங்க அடுத்த விமானத்துல திரும்பிப் போய், மறுபடி முறையா வரலாம்."

ஒரு ரப்பர் தடியைக் கைக்குட்டையால் துடைத்து மேஜை மேல் வைத்தாள்.

முதலில் யாரும் நகரவில்லை. பிறகு ஒருவர், வீட்டில் குழந்தை தனியாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தடியை எடுத்தார். அடுத்தவருக்கு ஒரு வழக்கு. அடுத்தவர் காரணம் சொல்லவில்லை, ஓங்கி இடுப்பில் போட்டார். டாக்டர் தடுக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் விழுந்தபோது மட்டும் குனிந்தார். ஒவ்வோர் அடிக்கும் அவருடைய பெரிய உடம்பு அதிர்ந்து அடங்கியது. வரிசை சீராக நகர்ந்தது. கண்ணாடிக்காரரின் கைக்குத் தடி வந்தபோது அது ஈரமாக இருந்தது.

அவர் அக்காவை நினைத்துக்கொண்டார். வேண்டுமென்றே நினைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணாடி இல்லை, எதிரே இருப்பது யாரென்று சரியாகத் தெரியவில்லை என்றும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். கிட்டப்பார்வை உள்ளவனுக்கு ஒரு முழத்தில் இருப்பது நன்றாகவே தெரியும். அவர் தொழிலே அது. வியர்வையில் நனைந்த புருவமும், கிழிந்த உதடும், தம்மையே பார்த்த கண்களும் துல்லியமாகத் தெரிந்தன.

"சீக்கிரம் அடிச்சிட்டுப் போங்க" என்றார் டாக்டர், மூச்சை இழுத்தபடி. "அக்கா காத்துக்கிட்டிருப்பாங்க."

கண்ணாடிக்காரர் அடித்தார். தோளில் பட்டும் படாமல் விழுந்தது. இது சேராது என்று வருகை அதிகாரி மென்மையாகச் சொன்னாள். முன்னால் அடித்தவர்களுக்கு இது அநியாயம் இல்லையா என்று கேட்டாள். அவருக்குத் திடீரென்று ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் மேல், வாரியத்தின் மேல், இப்படி மாடு மாதிரி நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் இந்த மனிதர் மேல். ஓங்கி அடித்தார். தாடையில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிவது போல் ஒரு சத்தம். டாக்டர் மேஜையோடு சரிந்தார். பூ ஜாடி உருண்டது.

"இது சேரும்" என்றாள் வருகை அதிகாரி.

ஆஸ்பத்திரியில் அக்காவை ஏற்கெனவே தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். தம்பி வராமல் ஊசி போட விடமாட்டேன் என்று அவள் மயக்க மருந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் ஓடிவந்து குனிந்து முகத்தைக் காட்டினார். அக்கா பார்த்தாள். பிழை தேடிப் பார்த்துப் பழகிய கண்கள்.

"இதென்னடா கோலம்?"

"ஃபிளைட்டுல வந்தேன்கா."

"புருவத்துல இருக்கறது உன் ரத்தம். கையில இருக்கறது யாரோடது?"

அவர் சொன்னார். வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே, அறுவை அறை வாசல் வரும் வரை சொன்னார். எதையும் விடவில்லை. தையல் போட்டதைச் சொன்னார், இரண்டாவது அடியைச் சொன்னார். உனக்காகத்தான் என்று ஆரம்பித்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதை என் தலையில கட்டாத" என்றாள். "எனக்கு இங்க நாலு டாக்டர் நிக்கிறாங்க. அந்த மனுஷனுக்கு யாரு நிக்கிறா? போய்ப் பாரு. நான் முழிச்சதும் கேப்பேன்."

கதவு மூடிக்கொண்டது.

அவர் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கை கழுவி வந்து மறுபடியும் உட்கார்ந்தார். ஒரு நர்ஸ் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது, கண் விழிக்க நேரமாகும் என்று சொன்னபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, விமானத்தில் வந்து அடிபட்டவர்களை இங்கே எங்கே வைப்பார்கள் என்று கேட்டார். அதற்குத் தனி வார்டே இருப்பதாக நர்ஸ் கை காட்டினாள்.

புது வார்டு. வாசலில் பளிங்குக் கல்வெட்டு. விமானப் பயணிகளின் நலனுக்காக வாரியத்தின் அன்பளிப்பு, தலைவர் திருக்கரத்தால் திறந்து வைக்கப்பட்டது என்று பொறித்திருந்தது. உள்ளே எல்லாக் கட்டில்களும் நிறைந்திருந்தன. கால் தூக்கிக் கட்டியவர்கள், தலையில் கட்டுப் போட்டவர்கள், விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுபவர்கள். கடைசிக் கட்டிலில் கால்நடை டாக்டர். தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கண்ணாடிக்காரர் கட்டிலின் பக்கத்தில் போய் நின்றார். அக்காவுக்கு நல்லபடியாக முடிந்தது என்றார். டாக்டர் மெல்லத் தலையசைத்தார்.

அப்போது வருகை அதிகாரி வார்டுக்குள் வந்தாள். கூடவே ஒருவர் மைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியும் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலைக் கடக்காமல் இங்கே வந்துவிட்டவர்கள் இன்னும் சட்டப்படி பயணத்தில் இருப்பதாகவே அர்த்தம், அது சராசரியைக் கெடுக்கிறது என்று அவள் விளக்கினாள். ஒவ்வொரு கட்டிலாக மைக்கை நீட்டினாள். ஒவ்வொருவரும் படுத்தபடியே நாற்பது நிமிடம் என்றார்கள். டாக்டரிடம் வந்தாள். அவரால் வாய் திறக்க முடியவில்லை. கையைத் தூக்கி, இல்லை என்று ஆட்டினார்.

"மறுத்து எதுவும் சொல்லல" என்றாள் அதிகாரி ஒலிபெருக்கியில். "சந்தோஷமா கை ஆட்டி விடை குடுக்கறார்."

கண்ணாடிக்காரர் அவள் கையில் இருந்து மைக்கை வாங்கினார். பறித்தார் என்று சொல்ல முடியாது. கடையில் வாடிக்கையாளர் நீட்டும் கண்ணாடியை வாங்குவது போலத்தான் வாங்கினார். வெயில் ஏறுவதற்கு முன்பு வந்து உட்கார்ந்தோம், பொழுது போன பிறகு இறங்கினோம் என்றார். இவருடைய தாடையை உடைத்தது நான், இவர் எனக்குத் தையல் போட்ட அதே நாளில் உடைத்தேன் என்றார். குரல் நடுங்கியது. ஒலிபெருக்கி அதையும் சேர்த்துப் பெரிதாக்கி ஆஸ்பத்திரி முழுக்கக் கொண்டுபோனது.

வருகை அதிகாரி பெருமூச்சு விட்டாள். மைக்கைத் திரும்ப வாங்கி அணைத்தாள். இங்கேயும் ஊழியர்கள் யாரும் யார் மேலும் கை வைக்க மாட்டார்கள் என்று அவருக்கு உறுதி சொன்னாள். பிறகு கட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்து, எழுந்து நிற்கக்கூடியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

மூன்றாவது கட்டிலில் ஒரு கையைக் கழுத்தில் தொட்டில் போலக் கட்டியிருந்தவர் மெதுவாகக் காலைக் கீழே போட்டுச் செருப்பைத் தேடினார். அவருக்கு எதிர்க்கட்டிலில் இருந்தவர் தம்முடைய ஊன்றுகோலை அவரிடம் நீட்டினார்.

கண்ணாடிக்காரர் நகரவில்லை. பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தார். கால்நடை டாக்டர் தம் பெரிய உடம்பைச் சிரமப்பட்டுச் சுவரோரமாக ஒதுக்கி, தலையணையைப் பாதி தள்ளி, கட்டிலில் அவருக்கும் இடம் விட்டுக்கொண்டிருந்தார்.